என் ஆள் இல்லை என்று சொன்னேன்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டின் லாண்டரியில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, குளியல் துண்டு, சமையல்காரர்களின் வெள்ளைச் சட்டை எல்லாம் என் கதவு வழியாக அழுக்காக வந்து என் கதவு வழியாக வெளுப்பாகப் போக வேண்டும். எனக்கு சூப்பர்வைசர் என்று பெயர். மெஷின் நின்றால் திட்டு வாங்குகிறவன் யாரோ அவன்தான் சூப்பர்வைசர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அதில் ஏதோ இருக்கிறது என்று இந்த வருஷம்தான் தெரிந்தது. என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.

ஒரு பெண்ணின் வேலை போனது. யாரால் போனது என்று கேட்டால் சிலர் கம்பெனி என்பார்கள், சிலர் சுவரில் ஒட்டிய ஒரு காகிதம் என்பார்கள். நானாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தப் பெண் சதுரங்கப்பட்டினத்துக்காரி. லினன் ரூமில் தையல் வேலை. லினன் ரூம் என்பது துவைத்த துணியை அடுக்கி வைக்கும் நீளமான அறை. அதற்கு இரண்டு கதவு. ஒரு கதவு என் லாண்டரிக்குத் திறக்கும். இன்னொன்று ஹவுஸ்கீப்பிங் ஸ்டோருக்கு, அதாவது அறைகளைப் பெருக்கித் துடைத்துப் படுக்கை போடுகிறவர்களின் இடத்துக்கு. நடுவில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். கிழிந்த விரிப்பு என் பக்கத்திலிருந்து போகும். தைத்த விரிப்பு அந்தப் பக்கம் போகும். கிழிசலை அவள் தைத்தால் ஒட்டுப் போட்ட இடம் மெத்தைக்கு அடியில் மடியும் ஓரத்துக்குப் போய்விடும். படுக்கிறவன் எப்படிப் புரண்டாலும் அது உடம்பில் படாது. தைக்கவே முடியாத விரிப்பை வெட்டித் தலையணை உறை ஆக்குவாள். அதுவும் கிழிந்தால் சமையலறைத் துணி. ஒன்பது வருஷம் இதைச் செய்தாள்.

ஒன்பது வருஷமும் கான்ட்ராக்ட் ஆளாகத்தான் செய்தாள். கான்ட்ராக்ட் ஆளுக்குக் கழுத்தில் பச்சை நாடா. கம்பெனி ஆளுக்கு நீல நாடா. சாயங்காலம் கேட்டில் பச்சை நாடாக்காரர்களின் பையைத் திறந்து பார்ப்பார்கள். டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கச் சொல்வார்கள். நீல நாடா போட்டவன் மூட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் வணக்கம் வைப்பார்கள்.

முதலில் ரிசார்ட் ஒரே முதலாளியிடம் இருந்தது. அவர் எப்படி நிர்வாகம் செய்தார் என்று சொல்லாவிட்டால் நாங்கள் செய்த முட்டாள்தனம் யாருக்கும் புரியாது. ஐப்பசி மழை ரொம்பப் பிடித்து அறைகள் காலியாகிற வருஷங்களில் அவர் ஒவ்வொரு செக்‌ஷனாக வருவார். வாசலில் நின்றபடியே கேட்பார்.

"எத்தனை பேர் வெச்சிருக்க?"

"எட்டு பேர் சார்."

"ஆறு போதும்."

அவ்வளவுதான். திரும்பி நடப்பார். யார் அந்த இரண்டு பேர் என்று நான் முடிவு செய்து, நானே அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் தடவை அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் என்னால் சோறு தின்ன முடியவில்லை. அடுத்த தடவை எனக்கும் புத்தி வந்தது. எட்டு இருந்தால் ஆறு என்று சொன்னேன். மீதி இரண்டு பேரை ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து இரவல் வாங்கியிருக்கிறேன் என்றேன். ஹவுஸ்கீப்பிங்கில் போய்க் கேட்டால் அவர்களும் இரண்டு பேரை லாண்டரியிலிருந்து இரவல் என்பார்கள். முதலாளி இரண்டு கதவையும் ஒரே நாளில் திறந்து பார்க்கிற ஆள் கிடையாது. இப்படியே மூன்று மழைக்காலம் தையல்காரப் பெண்ணைக் காப்பாற்றினோம். இரண்டு கதவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால் அவளை ஒளிப்பது சுலபம். என்னைக் கேட்டால் ஹவுஸ்கீப்பிங் ஆள். ஹவுஸ்கீப்பிங் இன்சார்ஜைக் கேட்டால் லாண்டரி ஆள்.

இது எங்களுக்குள் ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. கார்டன், கிச்சன், டிரைவர்கள், எல்லா செக்‌ஷனும் இதைத்தான் செய்தது. மேலே இருந்து யாராவது தலையை எண்ண வந்தால் இரண்டு தலையைக் குறைத்துச் சொல்ல வேண்டும். கேள்வியே கிடையாது.

பிறகு முதலாளி இடத்தை விற்றுவிட்டார். பல ஊர்களில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒரு கம்பெனி வாங்கியது. கம்பெனி ஒரு எச்.ஆர். மேடத்தை அனுப்பியது. முப்பது வயசு இருக்கும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செக்‌ஷன் செக்‌ஷனாக வந்து உட்கார்ந்தார். முதலாளியைப் போல வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து, நாற்காலி கேட்டு, தண்ணீர் கேட்டு, உட்கார்ந்துதான் பேசினார். அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

என் முறை வருவதற்கு முதல் நாள், கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நானும் ஹவுஸ்கீப்பிங் இன்சார்ஜும் நின்றோம். அவன் செய்யூர் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான். ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போகிறவர்கள்.

"இன்னா மச்சான், தலைய எண்றாங்களாமே?" என்றான்.

"ஆமா. கார்டன்ல மூணு பேர்னு சொல்லிட்டானாம். அஞ்சு பேர் கீறாங்க."

"அப்ப நம்மளும் அதே ரூட்டுதான். லினன் ரூம் பொண்ணு?"

"எப்பவும் போல. நான் உன் ஆளுன்றேன். நீ என் ஆளுன்னு சொல்லு."

"இந்தம்மா ரெண்டு கதவையும் தொறந்து பாத்துட்டா?"

"பெரிய கம்பெனிடா. கதவத் தொறக்கல்லாம் அதுக்கு ஏது நேரம்?"

இரண்டு பேரும் சிரித்தோம். பெரிய புத்திசாலிகள்.

மறுநாள் மேடம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். "உங்களுக்கு யார் யார் ரிப்போர்ட் பண்றாங்க?" என்றார். அப்போது லினன் ரூம் பெண்ணையும் சேர்த்து ஏழு பேர். நான் ஆறு பேரைச் சொன்னேன். டைப் அடித்துக்கொண்டார். பிறகு லினன் ரூம் கதவைப் பார்த்தார். கதவு பாதி திறந்திருந்தது. மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"உள்ள ஒருத்தங்க தைச்சிட்டிருக்காங்களே, அவங்க உங்க டீமா?"

"இல்ல மேடம். ஹவுஸ்கீப்பிங்."

"உங்க டேபிள்ல இருந்துதானே துணி எடுத்துட்டுப் போறாங்க? நேத்து பார்த்தேன்."

"எடுப்பாங்க மேடம். ஆனா அவங்க அந்தப் பக்கம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதை வெச்சுத்தான் நான் ஸ்ட்ரக்சர் போடணும். அவங்க உங்க ஆளா, இல்லையா?"

"என் ஆள் இல்ல மேடம்."

மெஷின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு வசதியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஸ்டாஃப் கேன்டீன் சுவரில் அந்தக் காகிதத்தை ஒட்டினார்கள். இரண்டு கை அகலம் இருக்கும். உச்சியில் ஒரு கட்டம். அதிலிருந்து கோடு இறங்கி நாலு கட்டம். அதிலிருந்து இன்னும் கோடு, இன்னும் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பேர். எல்லாம் இங்கிலீஷில். அன்று மதியம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் கட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிச்சனில் பாத்திரம் கழுவுகிறவர் தன் கட்டத்தைப் போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்.

என் கட்டத்தைக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து மேலே இரண்டு கோடு போனது. ஒன்று நேர்கோடு, எக்சிக்யூட்டிவ் ஹவுஸ்கீப்பர் என்று வெளியூரிலிருந்து புதிதாக வந்தவருக்கு. இன்னொன்று புள்ளி புள்ளியாக, பாய்லரையும் மோட்டாரையும் பார்க்கும் சீஃப் இன்ஜினியருக்கு. மேடம் அங்கேயே நின்றிருந்தார். கேட்டேன்.

"மேடம், எனக்கு ரெண்டு கோடு கீதே?"

"நேர்கோடு உங்க பாஸ்."

"புள்ளி?"

"அவரும் உங்க பாஸ் மாதிரிதான். ஸ்டீம், மெஷின் விஷயத்துல அவருக்கும் நீங்க பதில் சொல்லணும்."

"ரெண்டு பேரும் வேற வேற சொன்னா?"

"அவங்க ரெண்டு பேரும் பேசி அலைன் ஆகிடுவாங்க."

ஆகவில்லை. ஒருவர் பன்னிரண்டு மணிக்குள் துண்டு வேண்டும் என்றார். இன்னொருவர் மெஷின் முழுக்க நிரம்பாமல் ஓட்டினால் ஸ்டீம் வீண், நிரம்பும் வரை காத்திரு என்றார். ஒரே நாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் மீட்டிங் போட்டார்கள். நான் ஒன்றுக்குப் போய்ப் பாதியில் எழுந்து இன்னொன்றுக்கு ஓடினேன். இரண்டு இடத்திலும் திட்டு. முன்பு ஒரு முதலாளி திட்டினால் எதற்குத் திட்டுகிறார் என்றாவது தெரியும். இப்போது அதுவும் கலங்கிப்போய்விட்டது.

அதை விடுங்கள். காகிதம் ஒட்டிய அன்றைக்கே தையல்காரப் பெண்ணும் கேன்டீனுக்கு வந்தாள். சுவருக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், இங்கிலீஷில் தன் பேரை மட்டும் அடையாளம் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகத் தேடினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, என் பேரு எங்க கீது? எனக்குத் தெரியல."

நான் தேடினேன். லாண்டரிக்குக் கீழே ஆறு கட்டம். ஹவுஸ்கீப்பிங்குக்குக் கீழே வரிசையாகக் கட்டம். அவள் இல்லை. கோடு எங்கேயாவது மடிந்து போயிருக்குமா என்று காகிதத்தின் ஓரத்தைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தைத் தூக்கினால் சுவர்தான் இருந்தது.

காகிதத்துக்குக் கீழே இன்னொரு சின்னக் காகிதம் தமிழில் இருந்தது. அதை அவளே படித்தாள். கான்ட்ராக்டரின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது, மேலே கட்டத்தில் பெயர் உள்ள கான்ட்ராக்ட் ஊழியர்கள் எல்லோரும் கம்பெனி ஊழியர்களாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று எழுதியிருந்தது.

அவள் ஒரு தடவை படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். தட்டில் எதுவும் போட்டிருக்கவே இல்லை.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எண்ண வந்தால் வெட்டுவார்கள். அதுதானே நாங்கள் கண்டது? இவர்கள் எண்ணியது எடுத்துக்கொள்வதற்காக. அப்படி ஒரு எண்ணிக்கை உலகத்தில் இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? கார்டன்காரன் மறைத்த இரண்டு பேருக்கும் கட்டம் இல்லை. அவன் தோட்டத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா இல்லையா என்று நினைவில்லை.

"மேடம், லினன் ரூம் பொண்ணு பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. நீங்க உங்க ஆள் இல்லன்னு சொன்னீங்க. ஹவுஸ்கீப்பிங்கும் அவங்க ஆள் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. யாருக்கும் ரிப்போர்ட் பண்ணாத ஒருத்தரை நான் எங்க போடுவேன்?"

"அது பொய் மேடம்."

அவர் லேப்டாப்பை மூடினார். "லினன் ரூமுக்கு ரெண்டு இடம் வாங்கி வெச்சிருந்தேன் தெரியுமா? ரெண்டு. அதுக்குப் பேர் வேணும்னுதான் உங்ககிட்ட அத்தனை தடவை கேட்டேன். ஆளே இல்லன்னதும் மேல அந்த ரெண்டு இடத்தையும் எடுத்துட்டாங்க."

"வெட்டறதுக்குக் கேக்குறீங்கன்னு நெனச்சோம்."

"எதுக்குக் கேக்குறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அதுவரைக்கும் நான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. முதலாளியிடம் எதற்கு என்று கேட்டவன் மறுநாள் வேலையில் இருந்ததில்லை. ஆனால் எனக்கும் கோபம் வந்தது.

"நீங்க எதுக்குன்னு சொல்லிட்டுக் கேட்டிருக்கலாமே மேடம்?"

"லிஸ்ட் முடியற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர்" என்றார்.

ஆக, அவரும் மறைத்தார், நாங்களும் மறைத்தோம். நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள் தலையில் விழுந்தது. இதில் யார் கழுத்தைப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கழுத்தையா, என் கழுத்தையா?

நீங்கள் எழுத்தில் கொடுத்தால் நான் மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார் மேடம். அதற்கும் ஒரு வழி இருந்தது. நான் நேர்கோட்டு பாஸுக்குக் கொடுக்க வேண்டும். அவர் சென்னையில் இருக்கும் தன் பாஸுக்கு அனுப்ப வேண்டும். பிறகு அது மேடத்தின் பாஸுக்குப் போகும். எதிரே உட்கார்ந்திருக்கும் மேடத்தின் கையில் கொடுத்தால் செல்லாது. ஒரு காகிதம் நாலு அடி தாண்டுவதற்குச் சென்னை வரைக்கும் போய்விட்டு வர வேண்டும். இதற்கு ஸ்ட்ரக்சர் என்று பெயர்.

ஹவுஸ்கீப்பிங்காரனும் சேர்ந்து எழுதினால் பலம் என்று அவனிடம் போனேன். காகிதத்தில் அவனுக்கு அசிஸ்டன்ட் மேனேஜர் என்று கட்டம் போட்டிருந்தார்கள். புதுச் சட்டை போட்டிருந்தான்.

"மச்சான், ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துடலாம். நம்ம பண்ண பேஜாருதானே?"

"எழுதறியா? இன்னான்னு?"

"பொய் சொன்னோம்னு."

"உனக்கு இன்னா ஆச்சு? பொய் சொன்னேன்னு எவனாச்சும் கையெழுத்துப் போட்டுக் குடுப்பானா? நேத்துதான் எனக்குக் கட்டம் குடுத்துக்கீறாங்க."

"அந்தப் பொண்ணுக்கு வேல போவுதுடா."

"எனக்குத் தெரியாதா? அதுக்கு நான் வேற எடம் பாத்துத் தரேன். பக்கத்து ஹோட்டல்ல சொல்லி வெக்கிறேன். எழுத மட்டும் கூப்புடாத."

பதினாறு வருஷம் ஒரே பஸ். அன்றைக்கு நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

எழுதினேன். எனக்கு இங்கிலீஷ் வராது, தமிழில்தான். லினன் ரூமில் தைக்கும் பெண் ஒன்பது வருஷமாக என் கீழ்தான் வேலை செய்கிறாள், அவள் என் ஆள் இல்லை என்று நான் சொன்னது பொய், முன்பிருந்தவர் ஆளைக் குறைப்பதற்காக எண்ணுவார், அந்தப் பயத்தில் சொன்னேன், தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை. இவ்வளவுதான். நேர்கோட்டு பாஸுக்குத் தமிழ் தெரியாது. மேடம்தான் பக்கத்தில் நின்று படித்து அர்த்தம் சொன்னார். பாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதைச் சென்னைக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து சீஃப் இன்ஜினியர் கூப்பிட்டார். "லாண்டரி மேட்டர்னா எனக்கும் ஒரு காப்பி வரணுமே, புள்ளிக்கோடு மறந்துபோச்சா?" என்று கேட்டார். சத்தியமாக அந்தக் கோட்டை நான் மறக்கவில்லை. அது எதற்கு என்றுதான் தெரியவில்லை.

மாதக் கடைசி வந்தது. பதில் வரவில்லை. அவள் கத்தரிக்கோல், டேப், ஊசி டப்பா எல்லாவற்றையும் என் மேஜையில் வைத்தாள். கையெழுத்து யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டாள். சாமான் ஒப்படைத்த தாளிலும் மேலதிகாரி என்று ஒரு கோடு இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். போகிற அன்றைக்கு அவள் என் ஆள் ஆனாள்.

கேட் வரைக்கும் போனேன். செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னான்.

"இன்னிக்கு ஒரு நாளாச்சும் விடுய்யா" என்று கத்தினேன்.

"ரூல்ஸு அண்ணாத்த. என் மேல கோவப்பட்டு இன்னா பண்றது?"

அவளே திறந்து காட்டினாள். டிபன் பாக்ஸ், குடை, ஒரு விரல் கவசம். விரல் கவசம் ஹோட்டலுடையதா என்று கேட்டான். என்னுது என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.

அதற்குப் பிறகு கிழிந்த விரிப்புகள் குவிந்தன. வெளியே ஒரு டெய்லரிடம் தைக்கக் கொடுத்தார்கள். அவன் விரிப்புக்கு நட்ட நடுவில், மஞ்சள் நூலில் தைத்து அனுப்பினான். ஒரு கல்யாண கோஷ்டி தங்கியிருந்தபோது மாப்பிள்ளை அறையிலிருந்தே புகார் வந்தது. நேர்கோடு என்னைத் திட்டியது. புள்ளிக்கோடு தனியாகத் திட்டியது. தைக்க ஆள் இல்லை என்றேன். ஏன் இல்லை என்றார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இருபது நாள் கழித்து மேடம் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். லினன் ரூமுக்கு ஒரு இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. நான் எழுதிய கடிதத்தால் கிடைத்ததா, மாப்பிள்ளை போட்ட புகாரால் கிடைத்ததா என்று கேட்டேன். "தெரியலண்ணா. அப்ரூவ்டுன்னு மட்டும்தான் வந்திருக்கு" என்றார். முதல் தடவையாக என்னை அண்ணா என்றார்.

அன்றைக்கே ஒரு பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனேன். கோட்டைச் சுவர் தாண்டி இரண்டாவது தெரு. வாசல் அறையில் சொந்த மெஷினில் ஸ்கூல் யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"வாங்கண்ணா. குந்துங்க. டீ போடவா?"

"வேணாம்மா. ஆர்டர் வந்துகீது. உன் பேர்ல."

அவள் கடிதத்தை வாங்கவில்லை.

"மேடம் கேட்டப்ப நீங்க சொன்னது எனக்குக் கேட்டுதுண்ணா. மெஷின நிறுத்திட்டுக் கேட்டுக்கினு இருந்தேன்."

"உன்னக் காப்பாத்தத்தாம்மா சொன்னேன்."

"தெரியும். மின்னாடி மூணு மழைக்கும் அப்படித்தான் காப்பாத்தினீங்க. அப்பவும் கேட்டுது."

"அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன யாரு கேட்டீங்க? நீங்களும் அவரும் டீக்கடையில பேசி முடிச்சுக்குவீங்க. என்ன எண்ணணுமா வேணாமான்னு என்னாண்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா எண்ணிக்கோங்கன்னு சொல்லியிருப்பேன். வெட்டினா வெட்டட்டும். இருந்தேன்னாச்சும் இருக்கும்ல?"

எச்.ஆர். மேடத்தின் தப்பு, கம்பெனியின் தப்பு, முதலாளியின் தப்பு என்று இருபது நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட அந்த அறையில் உதவவில்லை.

அவளே கையை நீட்டினாள். "படிங்க. இன்னா எழுதிக்கீது?"

மேடம் எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன். புது நியமனம். முதல் ஆறு மாதம் வேலை திருப்தியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகுதான் நிரந்தரம்.

அவள் சிரித்துவிட்டாள். "ஒம்போது வருஷம் தைச்சதுக்கப்புறம், தைக்கத் தெரியுமான்னு பாப்பாங்களா?"

"அப்படித்தான் போட்டுக்கீது."

"யாரு பாப்பாங்க?"

கடிதத்தைப் பார்த்தேன். "நான்."

"நீங்க மட்டுமா?"

"ஹவுஸ்கீப்பிங்குக்கு ஒரு புள்ளிக்கோடு போட்டுக்கீறாங்க."

"அப்படின்னா?"

"எனக்கே தெரியாதும்மா. எனக்கும் ஒண்ணு கீது."

அதற்கும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வரேன். ஆனா இனிமே எண்ண வந்தா என்ன ஒளிக்கக் கூடாது. வெட்டறதுக்கே வந்தாலும் சரி" என்றாள். நான் சரி என்றேன். சரி என்று சொல்வது எனக்கு லேசாக வந்துவிடும்.

அடுத்த ஒன்றாம் தேதி வந்தாள். போட்டோ எடுத்து நீல நாடா கொடுத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் கேட்டில் பழக்கத்தில் பையைத் திறந்து நீட்டினாள். செக்யூரிட்டி நாடாவைப் பார்த்துவிட்டு, "போங்கம்மா" என்றான். அவள் அங்கேயே கொஞ்ச நேரம் பையைத் திறந்தபடி நின்றாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த வருஷம் ஐப்பசி மழை பலமாகப் பிடித்தது. அறைகள் காலி. அவளுடைய ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. போன வாரம் மேடம் எல்லா இன்சார்ஜையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, "ஒவ்வொரு செக்‌ஷன்லயும் இப்ப உண்மையில எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்கன்னு வேணும்" என்றார்.

ஹவுஸ்கீப்பிங்காரன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். பதினாறு வருஷமாக எனக்குத் தெரிந்த மிதி.

"எதுக்குக் கேக்குறீங்க மேடம்?" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "எனக்கே இன்னும் சொல்லலண்ணா" என்றார்.

பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தோன்றவில்லை. உண்மைதான் சொல்கிறாரா என்றும் தெரியவில்லை. ஒருவேளை மழைக்குக் குறைப்பதற்காக இருக்கலாம். ஒருவேளை இன்னொரு இடம் கொடுப்பதற்காக இருக்கலாம். குறைத்தால் கடைசியாக வந்தவள் முதலில் போவாள். காகிதத்தின்படி கடைசியாக வந்தவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. வாயைத் திறந்து ஆறு என்று சொன்னால் போதும், லினன் ரூம் கதவு இன்னும் இரண்டு பக்கமும் திறக்கிறது.

"ஏழு பேர்" என்றேன். "லினன் ரூம் பொண்ணோட சேத்து ஏழு."

பக்கத்தில் அவன் தன் முறை வந்ததும் இரண்டைக் குறைத்துச் சொன்னான். வெளியே வந்ததும், "போச்சு மச்சான், நீயே அந்தப் பொண்ணக் குழியில தள்ளிட்ட" என்றான்.

லினன் ரூமுக்குப் போய் அவளிடம் சொன்னேன். எண்ணினார்கள், உன்னைச் சேர்த்துச் சொன்னேன், எதற்கு எண்ணினார்கள் என்று தெரியாது என்றேன்.

"சரிண்ணா" என்றாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

இன்று வரைக்கும் பதில் வரவில்லை. மழையும் விடவில்லை. கேன்டீன் சுவரில் பழைய காகிதம் கடல் ஈரத்தில் ஊதிப்போய் ஒரு மூலை தொங்குகிறது. புதிதாக ஒன்று ஒட்டப் போகிறார்கள் என்கிறார்கள். தினமும் காலையில் கை விரலை வருகைப் பதிவு மெஷினில் வைத்துவிட்டு முதலில் அங்கேதான் போகிறேன். நான் போகும்போது சில நாள் அவள் எனக்கு முன்பே அங்கே நிற்கிறாள்.